நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு: மழைக்காகத் தேர்ந்தெடுத்த டயர்கள்

இந்த டயர்களில் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாயிற்று. அடுத்த செட்டும் இதே வகையில்தான் வாங்கப்போகிறேன். எங்களுக்கு வீடு கோவையில், சொந்தக்காரர்கள் வால்பாறையில். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் அவர்களைப் பார்க்க முடியும். ஜூனில் தொடங்கி அங்கே எப்படி மழை ஊற்றும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். அதனால் காரோடு வந்த டயர்கள் தேய்ந்ததும் கடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஈர ரோட்டில் பிடிக்க வேண்டும். மைலேஜ், சத்தம், ஆயுள் எல்லாம் அதற்கு அப்புறம்.

காய்ந்த ரோட்டில் ஓரளவு நல்ல டயர் எல்லாமே பிடிக்கும். வித்தியாசம் தெரிவது ஈரத்தில்தான். அங்கே ரப்பர் கலவைதான் முக்கியம். சிலிக்கா அதிகம் சேர்த்த கலவை ஈரத்திலும் இளக்கமாக இருந்து, தார் ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்துகொள்ளும். நீண்ட ஆயுளுக்காகக் கெட்டியாகச் செய்த ரப்பர் அப்படிப் படியாது. பட்டனின், அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் வரிகளின், டிசைனைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் முதல் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது, பிடிப்பது ரப்பர். பழைய செட்டில் மழையில் இறங்கும்போது லேசாக பிரேக் மிதித்தாலே ஏபிஎஸ் தடதடக்கும். இப்போது அதே வளைவுகளில் அந்தத் தடதடப்பு அபூர்வம். ஏபிஎஸ் ரோட்டுப் பிடிப்பைக் கூட்டாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டியரிங்கை நம் கையில் வைத்திருக்கும், அவ்வளவுதான்.

அளவை மாற்றவில்லை. கார் கம்பெனி சொன்ன 185/65 ஆர்15தான். 'அகலமாப் போட்டா கிரிப் ஏறும்' என்று பலர் சொன்னார்கள். காய்ந்த ரோட்டில் அது ஓரளவு சரி. தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் ரோட்டைத் தொடாமல் சீக்கிரம் மிதக்கும். எனக்கு வேண்டியது மழைப் பிடிப்பு.

குறைகளும் உண்டு. பக்கச் சுவர் கொஞ்சம் மென்மை. ஒரு பெரிய குழியில் விழுந்து ஒரு டயர் புடைத்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக இரண்டு வாங்கினேன். அப்போது கடைக்காரரோடு வாக்குவாதம். "இழுவை முன்னாடிதானுங்க இருக்குது, புதுச முன்னாடிதான் போடோணும்" என்றார். அநேகமாக எல்லாக் கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் காரின் வால் சுழன்றுவிடும். அதை நம்மைப் போன்ற சாதாரண ஓட்டுநர் சமாளிப்பது மிகக் கடினம். கடைசியில் நான் சொன்னபடிதான் மாட்டிக் கொடுத்தார்.

காற்றை மிகப் பலர் கவனிப்பதே இல்லை. தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று 1960களிலேயே நாசா ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆழமான தண்ணீரில் அந்தக் கணக்குப்படி காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 25க்கு இறங்கினால் 83லேயே மிதக்கும். விமான டயர்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் காருக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். காலையில் வண்டி எடுக்கும் முன்பே அளந்துவிடுவேன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் குறைத்தால் மறுநாள் காலை காற்று போதாது.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் இறுகும். நம் ஊர் வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும். விலை குறைத்துத் தருகிறார்கள் என்றால் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதேதான்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட் பார்த்து, சக்கரங்களை இடம் மாற்றியதால் தேய்மானம் சீராகவே இருக்கிறது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும் வரை ஓட்ட சட்டம் அனுமதிக்கிறது. மழையில் அவ்வளவு தேயும் வரை காத்திருக்க எனக்கு மனம் வராது. முதலில் வாங்கிய ஜோடியில் பட்டன் 3 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது. மே மாதக் கடைசியில் மாற்றிவிடுவேன். புது டயரின் மேல் இருக்கும் வழுவழுப்பு போக முதல் சில நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டிவிட்டு, அப்புறம்தான் மலை.