கேமல்லாக்கா, விமல்லாக்கா? பேஜ் அனுமதியைக் கேளுங்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் நிரல் எழுதும்போது மெமரி வேண்டுமென்றால் முதலில் கை போவது கேமல்லாக் (kmalloc) என்ற ஃபங்ஷனிடம்தான். வேகமானது; தரும் இடம் ராமிலும் தொடர்ச்சியாகவே இருக்கும். இன்னொரு ஃபங்ஷனான விமல்லாக் (vmalloc) அப்படியில்லை. ராமில் அங்கங்கே கிடக்கும் பேஜ்களை (மெமரியின் அடிப்படைத் துண்டுகள், வழக்கமாக 4 கேபி) பொறுக்கி, எந்த முகவரி எந்தப் பேஜ் என்று சொல்லும் பேஜ் டேபிள் வழியாக முகவரியில் மட்டும் தொடர்ச்சியாகக் காட்டும். வேகத்தையும் அளவையும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது வழக்கம். என்னைக் கேட்டால், முதல் கேள்வி வேறு: அந்த மெமரியின் அனுமதியை (எழுதலாமா, படிக்க மட்டுமா என்பதை) பிறகு மாற்றப் போகிறீர்களா?

ஆம் என்றால் கேமல்லாக் பக்கமே போகாதீர்கள். 100 பைட் கேட்டால் 128 பைட் அறை ஒன்று கிடைக்கும். 4 கேபி பேஜில் அப்படி 32 அறைகள். மற்ற 31-இல் யாருடைய தரவு இருக்கிறதோ, உங்களுக்குத் தெரியாது. 'படிக்க மட்டும்' என்ற அனுமதியோ முழுப் பேஜுக்கும் சேர்த்துத்தான், அறைவாரியாகக் கிடையாது. உங்கள் அறையைப் பூட்டிவிட்டுப் போவீர்கள். அடுத்த அறையில் எழுத வரும் வேறொரு டிரைவர் ஊப்ஸ் (கர்னல் பிழை) வாங்கும். பிழை எங்கே நடந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸில் அந்தப் பாவப்பட்ட டிரைவரின் பெயர்தான் இருக்கும், உங்களுடையது இருக்காது.

விமல்லாக்கில் இந்தத் தொல்லை இல்லை. வரும் பேஜ் முழுவதும் உங்களுடையது, கடைசியில் காவலுக்கு ஒரு காலிப் பேஜும் உண்டு. ஆனால் இதுவும் இலவசமல்ல. எக்ஸ்86-64இல் கர்னல் ராமை 2 எம்பி, 1 ஜிபி என்ற பெரிய பேஜ்களாக நேரடியாகவும் மேப் செய்து வைத்திருக்கிறது. விமல்லாக் முகவரியில் எழுதும் அனுமதியை எடுத்தால், அதே ராமைக் காட்டும் அந்த நேரடி மேப்பிலும் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பின்வாசல் திறந்தே கிடக்கும். அப்போது 2 எம்பி பேஜ் ஒன்று 512 துண்டுகளாக உடைகிறது, முகவரி மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் சிபியுவின் சிறு கேஷான டிஎல்பியில் நெரிசல் கூடுகிறது. கர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் சிறு நிரல்களான பிபிஎஃப் நிரல்களில் இது நன்றாகவே உறைத்தது. சில நூறு பைட் நிரலுக்கும் ஒரு முழுப் பேஜ் போனது. 2022இல் வந்த 5.18 பதிப்பில்தான் பல நிரல்களை ஒரே பேஜில் அடுக்கும் ஏற்பாடு வந்தது.

அப்புறம் டிஎம்ஏ, அதாவது சிபியு இடையில் இல்லாமல் சாதனமே ராமில் நேரடியாகப் படித்து எழுதுவது. ராமில் தொடர்ச்சியாக இருப்பதால் இங்கே கேமல்லாக்தான் பொருத்தம். கர்னல் 4.9 பதிப்பில், ஃபங்ஷன்களின் தற்காலிகத் தரவு இருக்கும் கர்னல் ஸ்டாக்குகளையே விமல்லாக் இடத்துக்கு மாற்ற வழி செய்தார்கள். ஸ்டாக் வழிந்தால் காவல் பேஜில் முட்டி உடனே தெரிந்துவிடும், அருமையான யோசனை. ஆனால் ஸ்டாக்கில் இருந்த பஃபரை டிஎம்ஏவுக்குக் கொடுத்துவந்த டிரைவர்கள் வரிசையாகப் படுத்தன. அப்படிக் கொடுப்பது முன்பே தடை செய்யப்பட்ட பழக்கம்தான். அதுவரை பிடிபடவில்லை, அவ்வளவே.

இரண்டையும் கலந்த கேவிமல்லாக் (kvmalloc)? பெரிய ஹேஷ் டேபிள் மாதிரி வேலைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முதலில் கேமல்லாக்கை முயன்று, முடியாவிட்டால் விமல்லாக்குக்குப் போகும். கிடைத்தது எது என்று முன்கூட்டித் தெரியாததால், டிஎம்ஏவுக்கும் ஆகாது, அனுமதி மாற்றவும் ஆகாது.