கருவுக்கு ரேங்க் போடும் சேவை: பாதிக்கு மட்டும் ஸ்டார்

ஐவிஎஃப் சிகிச்சையின்போது கிளினிக்கே கூடுதல் சேவை என்று இதை எங்களிடம் நீட்டியது. ஐந்தாம் நாள் கருவிலிருந்து சில செல்களை எடுத்து, நீரிழிவு, இதய நோய், உயரம், ‘அறிவுத்திறன்’ என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தருவார்கள். எங்களுக்கு ஐந்து கருக்கள். ரிப்போர்ட் பச்சையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடிகிறது, ரேங்க் 1 முதல் 5 வரை, அசல் மார்க் ஷீட்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்கள் (நோய் இல்லாமல் கோளாறை மட்டும் சுமப்பவர்கள்), பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதே பேக்கேஜில் அதற்கும் டெஸ்ட் இருந்தது. கோளாறு ஒரே ஜீனில், எங்கே என்றும் தெரியும், பதிலும் தெளிவாக வந்தது. ஸ்டார் இதற்குத்தான்.

அறிவுத்திறன் மதிப்பெண் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான ஜீன் இடங்கள், ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு, அந்தக் கணக்கும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் போட்டது. 2019-ல் வந்த ஓர் ஆய்வின்படி, பத்துக் கருவில் முதல் ரேங்கை எடுத்தாலும் சராசரியைவிட ஐக்யூவில் சுமார் 2.5 புள்ளிதான் கூடும். அதே ஆய்வில் 28 பெரிய குடும்பங்களின் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள்: உயரத்துக்கு முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையே நிஜத்திலும் உயரமானவராக இருந்தது 7 குடும்பங்களில்தான். எங்கள் ரிப்போர்ட்டில் ரேங்க் 1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம், கீழே பொடி எழுத்தில் போட்டிருந்த பிழை வரம்பைவிடக் குறைவு!

‘இது யூஜெனிக்ஸ் மாதிரி இல்லையா’ என்று கேட்டேன், அதாவது ‘தரமான’ மனிதர்கள் மட்டும் பிறக்கவேண்டும் என்ற பழைய கொள்கை. ‘நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே சார்’ என்றார் ஆலோசகர். சரி, அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1883-ல் பிரிட்டிஷ் அறிஞர் கால்டன் அந்தப் பெயரை வைத்ததிலிருந்து இந்தச் சரக்கு ஒன்றுதான்: பிறக்கும் முன்பே மேல், கீழ் என்று வரிசை. 1927-ல் கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கில் அவருடைய கைக்குழந்தையையும் பார்த்து ‘இயல்பாக இல்லை’ என்று சாட்சி சொன்னார்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை! பிற்பாடு பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘இந்தக் கணக்கில் நீங்களும் நானும் தேறியிருக்கவே மாட்டோம்’ என்று மனைவி சிரித்தாள். தலசீமியா இல்லாத கருக்களில், வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடுத்து வைத்தது ரேங்க் 4.

போகிறவர்கள் ஒற்றை ஜீன் டெஸ்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் பிரித்துத் தருகிறார்கள்.