கெராச்சுட்டா, தெலுக் பஹாங்கா, புக்கிட் பஞ்சோரா? மாமியாரோடு கூடாரம் போட ஓர் இடம்

"கக்கூஸ் எவ்வளவு தூரம்?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி போட்ட படத்துக்கு என் மாமியாரிடமிருந்து வந்த ஒரே பதில் இது. படத்தில் கெராச்சுட் கடற்கரை. ஆரஞ்சு வானம், ஆளில்லாத மணல், ஓரத்தில் ஒரு கூடாரம். மற்ற எல்லோரும் இதயமாக அனுப்பிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். எட்டுப் பேர், இரண்டு இரவு, அதில் ஒருவருக்கு வயது 70, இருவர் இன்னும் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள். இந்தக் கணக்கில் அவர் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

பினாங்கில் கேம்பிங் என்று பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் மூன்று பெயர்கள் அடிபடும். தீவின் வடமேற்கு மூலையில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கெராச்சுட். அதே தெலுக் பஹாங் பக்கம், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி மலையடியில் இருக்கும் வனப் பூங்கா, அதாவது தாமான் ரிம்பா. மூன்றாவது, பாலம் தாண்டிப் பெருநிலத்தில் நிபோங் தெபால் பக்கம் இருக்கும் புக்கிட் பஞ்சோர். மூன்றிலும் வெவ்வேறு கூட்டத்தோடு நாங்கள் இரவு தங்கியிருக்கிறோம், அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

அதே தேசியப் பூங்காவில் இருக்கும் குரங்குக் கடற்கரையை, அதாவது தெலுக் டுயோங்கை, ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அங்கே பகல் முழுக்கப் படகு வந்து போய்க்கொண்டே இருக்கும், பெயருக்கேற்ற ஆசாமிகள் பையைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள், மாலைச் சூரியனோ முக்கா ஹெட் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் வரை ஏறிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்ப நல்ல இடம். படுக்க வேண்டாம்.

சரி, முதலில் கெராச்சுட். அழகில் அதற்குப் போட்டியே இல்லை, அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூங்கா வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு நடக்க ஆரம்பித்தால் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் குரங்குக் கடற்கரை, இடது பக்கம் கெராச்சுட். மொத்தம் மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வழி ஒரு குன்றின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது, வேரெல்லாம் படிக்கட்டு. வெறுங்கையோடு போனால் ஒன்றரை மணி நேரம். கூடாரம், அரிசி, அடுப்பு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று சுமந்துகொண்டு பிள்ளைகளோடு போனால் இரண்டரை மணி நேரம், நடுவில் இரண்டு அழுகை. தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து படகும் உண்டு. ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் கரையில் இறங்குவதே ஒரு வித்தை. போன தடவை எங்கள் அரிசி மூட்டை உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் கரையேறியது.

இறங்கியதும் கண்ணில் படுவது ஏரி. அடியில் கடல் தண்ணீர், மேலே ஆற்றுத் தண்ணீர். இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். மேல் அடுக்கு குளிர்ச்சி, கீழ் அடுக்கு வெதுவெதுப்பு. உலகத்தில் இப்படிப்பட்ட ஏரிகள் கொஞ்சம்தான். ஆனால் இது எப்போதும் ஏரியாகவே இருக்காது, வறண்ட மாதத்தில் போனால் அதன் மேலே போகும் நடைப்பாலத்துக்கடியில் வெறும் சேறுதான் இருக்கும். அப்புறம் ஆமைகள். பச்சை ஆமைகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இரவில் முட்டையிடக் கரையேறும். அங்கேயே ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. அதனால் கடற்கரையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பாட்டு வைத்துக்கொண்டு ஆட முடியாது. வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டு வரும் என் தம்பிக்குத்தான் குறை.

உண்மையான குறை வேறு. இவ்வளவு பெரிய கடல் எதிரே கிடக்கிறது, இறங்கிக் குளிக்க முடியாது. ஜெல்லி மீன் அதிகம், நீரோட்டமும் இழுக்கும், எச்சரிக்கைப் பலகையும் நிற்கிறது. பெரியவர்களுக்குப் பரவாயில்லை, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். இரண்டரை மணி நேரம் நடந்து வந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் "கண்ணால பாரு, போதும்" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, படத்தில் தெரியாதது. கெராச்சுட் மேற்கே பார்த்த கடற்கரை. அந்த ஆரஞ்சு வானம் கிடைப்பதே அதனால்தான். சுமத்ரா காற்று நேராக வந்து மோதுவதும் அதனால்தான். ராத்திரியில் சுமத்ராவுக்கும் மலாக்கா நீரிணைக்கும் மேலே மேகம் வரிசையாகத் திரண்டு, விடிவதற்குச் சற்று முன்னால் நம் மேற்குக் கரையில் வந்து அடிக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எந்த நாளும் வரலாம். ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் கூடாரத்துக்கு அது போதும். ஒரு ஜூன் மாதம், காலை நாலரை மணி. முதலில் காற்று மட்டும் வந்தது, மழை இல்லை. எங்கள் கூடாரம் பலூன் மாதிரி உப்பி, ஒரு கம்பி மடிந்தது. "எந்த மழையையும் தாங்கும்" என்று சொல்லி விற்ற கடைக்காரர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மீதி ராத்திரி எல்லோரும் கொட்டகைக்குள் பாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆகவே கெராச்சுட் போகிறவர்கள் கூடாரத்தை முன்வரிசையில் போட வேண்டாம். மரங்களுக்குப் பின்னால் போடுங்கள், வாசலைக் கடல் பக்கம் வைக்காதீர்கள். காட்சி போய்விடுமே என்றால், எழுந்து பத்தடி நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஜூன் மாதம் தெலுக் பஹாங் தாமான் ரிம்பாவில் படுத்திருந்தால் மலை நடுவில் நின்றிருக்கும், காற்றின் வேகம் பாதிதான் வந்திருக்கும். அந்த இடத்தைப் படம் பிடித்தால் ஒருவரும் இதயம் அனுப்ப மாட்டார்கள். மரம், பாறை, மரம், ஓர் ஓடை, பக்கத்தில் வனத்துறையின் அருங்காட்சியகம். ஆனால் கார் நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் போடும் இடத்துக்குக் குளிர்பெட்டியை ஒரே நடையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மாமியார் கேள்விக்குப் பதில்: செருப்பைப் போட்டுக்கொண்டு போகும் தூரம். ஓடையில் குளம் குளமாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் பிள்ளைகள் விரல் சுருங்கும் வரை கிடப்பார்கள். சனி, ஞாயிறு பகலில் கூட்டம் தாங்காது. பிரியாணி அண்டாவோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள் (நாங்களும் அப்படித்தான் முதலில் போனோம்). ஆறு மணிக்கு மேல் அவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு காடு திரும்பக் கிடைக்கும். சில்வண்டுச் சத்தம் பேச்சை மூடும் அளவுக்கு இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது கெப்பாலா ஆயர். மேலே மலையில் மழை பெய்து, நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு திடீரென்று பொங்கி வருவது. இதைப் பற்றி நான் எங்கேயோ படித்ததைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் குறுக்கிட்டார். "மலையில மழ பேஞ்சா ஆறு மொதல்ல குப்பையத்தான் அனுப்பும். எலையும் சுள்ளியுமா வந்தா, தண்ணி கலங்குனா, சோப்பத் தேடிக்கிட்டு நிக்காத, ஏறி வந்துரு." தோட்டத்து ஆற்றில் துணி துவைத்து வளர்ந்தவர். அதைவிடச் சுருக்கமாக நானும் சொல்ல முடியாது. தண்ணீர் ஓரத்தில் கூடாரம் போடாதீர்கள், சரிவின் அடியிலும் போடாதீர்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலைச் சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த இடத்துக்குப் போனாலும், காட்சியைப் பார்க்கும் முன் பின்பக்கம் திரும்பி மேட்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

புக்கிட் பஞ்சோருக்கு வாதாட வீட்டில் ஆள் குறைவு. தீவில் இருப்பவர்களுக்குப் பாலம் தாண்டுவதென்றால் ஏதோ சிங்கப்பூர் போவது போல. உண்மையில் பாயான் லெப்பாசில் இருக்கும் எங்களுக்கு இரண்டாவது பாலம் பக்கத்தில்தான். 24 கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறி, ஜாவி டோலில் இறங்கினால் வந்துவிட்டது. பத்து பிரிங்கி கடற்கரைச் சாலையின் வளைவுகளில் சனிக்கிழமை நெரிசலில் ஊர்ந்து தெலுக் பஹாங் போய்ச் சேருவதைவிட இது எங்களுக்குச் சீக்கிரம். (பாலிக் புலாவ் வழியாகப் போகலாமே என்பார்கள். டுரியான் காலத்தில் அந்த வழியில் போனால் எங்கள் வண்டி தானாக நின்றுவிடும், அது தனிக் கதை.)

பஞ்சோரில் கடல் இல்லை, பெரிய காட்சி என்று எதுவும் இல்லை. வௌவால் குகை ஒன்று உண்டு, சதுப்புக் காட்டுக்குள் பலகைப் பாதை உண்டு, குளிக்க ஓடை உண்டு. கூடாரம் வேண்டாம் என்பவர்களுக்கு சாலே எனும் சிறு தங்கும் வீடுகளும் இருக்கின்றன. எட்டுப் பேரில் ஒருவருக்கு முதுகு வலி என்றால் இது சின்ன விஷயம் இல்லை. அட்டை இருக்கும். மழைக்கு மறுநாள் காலுறையில் உப்பு தடவிக்கொண்டு போங்கள். இருட்டியதும் காரை எடுத்துக்கொண்டு கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்கப் போகலாம். கெராச்சுட்டில் இந்த வசதி கிடையாது, இறங்கினால் இறங்கினதுதான்.

என் மாமியார் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். போன முறை அங்கே கூடாரத்துக்குள் பாயை விரித்துவிட்டு அவர் சுற்றிப் பார்த்துச் சொன்னது: "லயத்துல மண்ணெண்ணெய் வெளக்கோட இருவது வருஷம் இப்டித்தான் படுத்தேன். அப்ப யாரும் காசு கேக்கல." சொன்னாரே தவிர, எங்களில் நன்றாகத் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

எப்போது போவது என்பதில்தான் போட்டி தலைகீழாகும். பினாங்கில் மழை உச்சத்தில் இருப்பது செப்டம்பர், அக்டோபர், நவம்பர். அதாவது தீபாவளி விடுமுறை. அந்த நேரத்தில் ஓடைகள் நிறைந்து அழகாக இருக்கும், அதே காரணத்தால் ஆபத்தாகவும் இருக்கும். கெராச்சுட் பாதை வழுக்கும். காய்ந்த மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. சீனப் பெருநாள் விடுமுறை சரியாக அதில் வந்து விழும். சுமத்ரா காற்று இல்லை, பாதை காய்ந்திருக்கும், கெராச்சுட்டுக்கு அதுதான் காலம். ஆனால் அப்போது தெலுக் பஹாங் ஓடையிலும் பஞ்சோர் ஓடையிலும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும்.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. தீபாவளியும் அமாவாசையை ஒட்டி வரும், சீனப் பெருநாள் முதல் நாளும் அமாவாசைதான். நிலா இல்லாததால் நட்சத்திரம் பார்க்க அருமை. ஆனால் அமாவாசைக்குக் கடல் ஏற்றம் அதிகம். பகலில் அகலமாகக் கிடந்த மணலைப் பார்த்துக் கூடாரம் போட்டால் நடுராத்திரியில் தண்ணீர் வந்து காலைத் தொடும். அலை கடைசியாக விட்டுப்போன சருகு வரிசை மணலில் கோடாகத் தெரியும், அதற்கு மேலே நன்றாகத் தள்ளிப் போடுங்கள். தைப்பூசம் பௌர்ணமியில் வரும், அப்போதும் இதே கதைதான். ஆனால் தைப்பூசத்துக்குக் கேம்பிங் போகிறேன் என்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கத்துக்காரர்கள் வீட்டில் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அனுமதி விஷயம் சுருக்கமாக. கெராச்சுட் தேசியப் பூங்கா என்பதால் வனவிலங்குத் துறையிடம் இரவு தங்கும் பெர்மிட் எடுக்க வேண்டும். மற்ற இரண்டும் மாநில வனத்துறையிடம். மூன்றுக்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வாசலில் போய் நின்று கெஞ்ச வேண்டாம்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு இரண்டாகப் போனது. தம்பியும் அவன் கூட்டாளிகளும் சீனப் பெருநாளுக்குக் கெராச்சுட் போகட்டும். முதுகில் பை, முன்னே கடல், கேட்க ஆள் இல்லை. காலில் பலமும் கையில் சுமையைக் குறைக்கும் புத்தியும் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் தீவில் இல்லை. நாங்கள் எட்டுப் பேர் என்றால் எனக்குத் தெலுக் பஹாங்கைவிட பஞ்சோர் ஒரு படி மேலே. குளிக்கத் தண்ணீர் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் பகல் கூட்டம் இங்கே குறைவு, மழை வந்தால் ஓடி ஒதுங்க ஒரு கூரையும் இருக்கிறது. சுமத்ரா காற்று தொடங்குவதற்கு முன், ஓடையில் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்கும் மார்ச் கடைசியில் என்று பேசி வைத்திருக்கிறோம்.

தம்பிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நேற்றும் குழுவில் ஒரு கெராச்சுட் படம் போட்டான். மாமியார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அரிவாள்மனையைப் பழைய சாரோங்கில் சுற்றி, பஞ்சோருக்கு என்று ஒரு பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.