யூ.எஸ்.எஃப்.எல். நினைவுப்பொருட்கள்: டாப்ஸ் கார்டா, ப்ரோகிராம் புத்தகமா, ஜெர்சியா?

அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல்-லோடு மோதிப் பார்த்த போட்டி லீக் யூ.எஸ்.எஃப்.எல். அது ஆடியது 1983 முதல் 1985 வரை மூன்றே சீசன், அதுவும் வசந்த காலத்தில். 1986-ல் என்.எஃப்.எல். மீது போட்ட ஏகபோக வழக்கில் ஜெயித்தது. ஆனால் இழப்பீடு 1 டாலர்தான். சட்டப்படி அது மும்மடங்காகி 3 டாலர் ஆனது. கடை மூடிய அந்த லீகின் பொருட்களைத் தேடி வாங்க இன்றும் ஆள் இருக்கிறது.

முதலில் எல்லோரும் போய் நிற்கும் இடம், 1984-ல் டாப்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட, வீரர் படம் போட்ட கார்டு செட். மொத்தம் 132 கார்டுகள். பாக்கெட்டில் சில்லறையாக வரவில்லை, முழு செட்டாகப் பெட்டியில்தான் விற்றார்கள். ஸ்டீவ் யங் (கார்டு எண் 52), ரெஜி ஒயிட் (58), ஜிம் கெல்லி (36) என்ற வீரர்கள் மூவரின் முதல் டாப்ஸ் கார்டும் இதில்தான். என்.எஃப்.எல். சீருடையில் யங்கும் ஒயிட்டும் டாப்ஸ் கார்டில் வந்தது 1986-ல், கெல்லி 1987-ல். மூவருமே பிறகு ஃபுட்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். இந்த மூவரையும் இன்னொரு வீரரான ஹெர்ஷல் வாக்கரையும் (74) எடுத்துவிட்டால் மீதிப் பெட்டிக்குப் பெரிய விலை கிடையாது. பிரிக்கப்பட்ட பெட்டியை ‘முழு செட்’ என்று விற்றால், இந்த நான்கு கார்டுகளும் இருக்கின்றனவா, மூலைகள் தேயாமல் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

1985 செட்டிலும் 132 கார்டுகள். டக் ஃப்ளூட்டி என்ற வீரர் இதில் வருகிறார். மற்ற பெரிய பெயர்களுக்கு இது முதல் கார்டு இல்லை, இரண்டாம் ஆண்டுக் கார்டு என்பதால் விலை நன்றாகவே குறைவு. போதாக்குறைக்குக் கார்டின் ஓரம் சிவப்பு. லேசாகத் தேய்ந்தாலும் வெள்ளை தெரிந்துவிடும். பார்க்க அழகு என்பேன், முதலீடு என்று சொல்ல மாட்டேன்.

கார்டுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. அவற்றின் விலையை ஏற்றியது இந்த லீகில் நடந்த ஆட்டம் இல்லை, அந்த வீரர்கள் பிறகு எதிரி லீகில் செய்த சாதனை. யூ.எஸ்.எஃப்.எல்-லின் சொந்தக் கதை வேண்டுமென்றால் ஆட்டத்தன்று மைதானத்தில் விற்ற ப்ரோகிராம் புத்தகங்களுக்குத்தான் போக வேண்டும். பிரேக்கர்ஸ் அணியையே பாருங்கள்: 1983-ல் பாஸ்டன், 1984-ல் நியூ ஆர்லியன்ஸ், 1985-ல் போர்ட்லாந்து. மூன்று ஊர்ப் புத்தகங்களையும் சேர்த்தால் லீகின் பணக் கஷ்டம் அப்படியே தெரியும். அதைவிட வேடிக்கை, முதல் சீசன் முடிந்ததும் சிகாகோ பிளிட்ஸும் அரிசோனா ராங்லர்ஸும் ஏறக்குறைய முழு அணியையே மாற்றிக்கொண்டன. 1983 சிகாகோ புத்தகத்தையும் 1984 அரிசோனா புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால் அதே முகங்கள், வேறு ஹெல்மெட். மிச்சிகன் பாந்தர்ஸ் 24-22 என்று பிலடெல்பியா ஸ்டார்ஸை வென்ற 1983 இறுதியாட்டப் புத்தகமும் டிக்கெட் துண்டும் கிடைத்தால் விடக்கூடாது. தாள்தான், மடிப்பும் ஈரமும் எதிரி. ஆனால் இவற்றில் பலவும் நல்ல யங் கார்டைவிட மலிவு.

வீரர் ஆட்டத்தில் அணிந்த ஜெர்சி? ஆசையாகத்தான் இருக்கும். அணிகள் அவசரமாகக் கலைந்ததால் எந்தச் சட்டை யார் கை வழியாக வந்தது என்று காட்டுவது சிரமம். தையல், கிழிசல், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் பழைய ஆட்டப் புகைப்படத்தோடு பொருந்தினால் ஒழிய பெரிய தொகை கொடுக்க வேண்டாம். ‘இது அசல்’ என்று விற்பவர் நீட்டும் கடிதத்தை மட்டும் நம்பினால் கதைக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

தொப்பி, டி-சர்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. 2022-ல் அதே பெயரில் புதிய லீக் ஒன்று வந்தது. பாந்தர்ஸ், ஜெனரல்ஸ், ஸ்டார்ஸ் என்று பழைய அணிப் பெயர்களையே எடுத்துக்கொண்டது. ஆகவே பெயரையும் சின்னத்தையும் பார்த்து 1980-களின் சரக்கு என்று முடிவு செய்யாமல், உள்ளே தைத்திருக்கும் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.