புது கார்டு வந்தால் எதைக் கழற்றுவது? நெட்ரன்னர் அனுபவம்

நெட்ரன்னர் இருவர் ஆடும் சீட்டாட்டம்; ஒருவர் சர்வரைக் காக்க, மற்றவர் அதற்குள் நுழையப் பார்ப்பார். அன்று நான் நுழைகிற பக்கம். கையில் ஐந்து கார்டு முழுசாக இருந்தது. எதிரே தம்பி வைத்திருந்தது ஒரே ஒரு ஐஸ் (சர்வரைக் காக்கும் கார்டு), அதற்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு கார்டு. கார்டை வளர்க்க வைக்கும் கவுண்ட்டர் அதன்மேல் ஒன்றுகூட இல்லை. போய்ப் பார்த்துவிடலாம் என்று ரன், அதாவது சர்வருக்குள் நுழையும் முயற்சி, தொடங்கினேன். ஐஸைத் திருப்பினான்: கருணா. முதலில் இரண்டு நெட் டேமேஜ், அதாவது கையிலிருந்து இரண்டு கார்டு போகும். அதோடு விலகிக்கொள்ள விருப்பமா என்று அந்தக் கார்டே ஒரு வாய்ப்புத் தரும். நான் விலகவில்லை. இன்னும் இரண்டு டேமேஜ். கையில் ஒரே ஒரு கார்டு மிச்சம். உள்ளே இருந்தது அர்டிகா சைஃபர். கவுண்ட்டரே இல்லாவிட்டாலும் அதைத் தொட்டால் இரண்டு டேமேஜ். ஆட்டம் முடிந்தது.

இது 2021-இல், சிஸ்டம் கேட்வே தொகுப்பு வெளிவந்த நாட்களில் நடந்தது. அந்த இரண்டு கார்டையும் முந்தின நாள் இரவே நான் படித்திருந்தேன். கருணா நம் வாயில் புழங்கும் பெயர் என்பதால் மனசில் பதிந்தும் இருந்தது. ஆனால் இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டு ஒதுக்கிவிட்டேன். கருணா ரன்னை நிறுத்துவதில்லை, நாலு டேமேஜ்தான். அர்டிகா சும்மா கிடந்தால் இரண்டுதான். ஐந்து கார்டு வைத்திருப்பவனை எதுவும் கொல்லாது. நாலும் இரண்டும் ஆறு என்று கூட்டத் தோன்றவில்லை.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எதிர்கால உலகம். ஒருவர் பெருநிறுவனம், அதாவது கார்ப். இன்னொருவர் அதன் சர்வர்களை உடைக்கும் ரன்னர். கார்ப்புக்கு முறைக்கு மூன்று கிளிக் (செயல் வாய்ப்பு), ரன்னருக்கு நான்கு. அஜெண்டா என்பது கார்ப் கவுண்ட்டர் வைத்து முடிக்கப் பார்க்கும், ரன்னர் திருடப் பார்க்கும் கார்டு. யார் முதலில் ஏழு அஜெண்டா புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கையில் உள்ள கார்டுகளைவிட அதிக டேமேஜ் வாங்கினால் ரன்னர் அங்கேயே காலி. 1996-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தது. 2012-இல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் இதை மறுபடி கொண்டுவந்தது. நான் ஆரம்பித்தது அந்தப் பெட்டியோடுதான். 2018-இல் அவர்கள் நிறுத்தினார்கள். ரசிகர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இப்போது அந்தக் குழுவின் பெயர் நல் சிக்னல் கேம்ஸ். அச்சடித்துக்கொள்ளும் கோப்புகளை இலவசமாகவே தருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். ஒரு கடையில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, பழைய சீட்டுக்கட்டுக் கார்டுகளை முட்டுக்கொடுத்து உறையில் போட்டால் போதும். முதல் தடவை அந்தக் கடையில் தாளுக்கு ஏற்றபடி அளவைச் சுருக்கி அடித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. நூறு சதவீத அளவு என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

சரி, புது கார்டுக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். புது கார்டை அதில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. அது டெக்கில் எந்தக் கார்டின் இடத்தைப் பிடிக்கிறது, பக்கத்தில் எது நிற்கிறது, எதிராளியை என்ன செய்ய வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் காசுக் கணக்கு. கார்ப்பின் கவர்ன்மென்ட் சப்சிடி என்ற கார்டு 15 கிரெடிட் தரும். படித்ததும் கை பரபரக்கும். ஆனால் அதை ஆட 10 கட்ட வேண்டும், லாபம் ஐந்து. பழைய ஹெட்ஜ் ஃபண்டுக்கு 5 கட்டி 9 எடுக்கிறோம், லாபம் நாலு. வித்தியாசம் ஒரே ஒரு கிரெடிட். அந்த ஒன்றுக்காகக் கையில் பத்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லா முறையும் பணம் புரளும் டெக் என்றால் சேர்க்கலாம். ஏழையாகத் தவிக்கும் டெக்கைக் காப்பாற்ற அதைச் சேர்த்தால் அது கையிலேயே கிடக்கும். நான் அப்படித்தான் சேர்த்தேன். ரன்னர் பக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் கமிஷன் நேர் எதிர். ஒரு கிரெடிட் கட்டினால் ஐந்து வரும், ஆனால் கிளிக் மிச்சமிருந்தால் ஒன்றை இழக்க வேண்டும். கடைசிக் கிளிக்கில் ஆடினால் இழக்க எதுவும் இல்லை. லாபம் அதே நாலு, தேவை ஒரே ஒரு கிரெடிட். அடிமட்டத்தில் இருக்கும்போது உண்மையில் தூக்கிவிடுவது இதுதான்.

என்னை ரொம்பக் காலம் குழப்பியது ரன்னரின் கிளீவர் என்ற கார்டு. பழைய பெட்டியில் இருந்த கரோடர்தான் சுவர் வகை ஐஸை உடைக்க என் கை பழகிய கார்டு: பலம் இரண்டு, ஒரு கிரெடிட்டுக்கு ஒரு பலம் ஏற்றலாம், ஒரு கிரெடிட்டுக்கு ஐஸில் எழுதியிருக்கும் விளைவு வரி ஒன்றை உடைக்கலாம். கிளீவருக்குப் பலம் மூன்று, ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு வரி வரை உடையும். ஆனால் ஒரு பலம் ஏற்ற இரண்டு கிரெடிட். பலம் ஆறும் மூன்று வரிகளும் உள்ள பிரான் 1.0 மாதிரி ஒரு சுவர்முன் நின்று கணக்குப் போட்டேன். பலத்தை ஆறுக்கு ஏற்றி மூன்று வரியையும் உடைக்கக் கரோடருக்கு ஏழு, கிளீவருக்கு எட்டு. புதுசு மட்டம் என்று கழித்துக்கட்டினேன்.

லீச் என்ற கார்டைச் சேர்த்துப் பார்க்காததுதான் தப்பு. மத்திய சர்வர்களில் (கார்ப்பின் கை, சீட்டுக்கட்டு, கழிவுக் குவியல்) ரன் வெற்றி பெறும்போதெல்லாம் லீச்சில் ஒரு கவுண்ட்டர் சேரும். ஒன்றைச் செலவழித்தால் எதிரில் உள்ள ஐஸின் பலம் ஒன்று குறையும். மூன்று கவுண்ட்டர் இருந்தால் அதே பிரானை உடைக்கக் கிளீவருக்கு இரண்டே கிரெடிட். கரோடருக்கு அப்போதும் நாலு. இந்தக் கணக்கைத் தாளில் போட்ட நாளில்தான் நான் ஆடும் விதமே மாறியது. மத்திய சர்வர் காவலில்லாமல் கிடந்தால், உள்ளே எதுவும் தேறாது என்று தெரிந்தாலும், கவுண்ட்டருக்காகப் போய்வர ஆரம்பித்தேன். கிளீவரைச் சேர்த்தால் ஆட்டத்தின் முதல் பாதியை இப்படித்தான் ஆட வேண்டும். அது பிடிக்கவில்லை என்றால் கிளீவர் உங்களுக்கு வேண்டாம்.

கார்ப் பக்கத்தில் அப்படி ஆட்டத்தையே மாற்றியது சீம்லெஸ் லாஞ்ச். ஒரு கிரெடிட் கட்டினால், இந்த முறையில் போடாத ஒரு கார்டின்மேல் இரண்டு கவுண்ட்டர் வைக்கலாம். அது இல்லாமல், நாலு கவுண்ட்டர் கேட்கும் அஜெண்டாவை அடுத்த முறையே முடிக்க வேண்டும் என்றால், போட்ட முறையிலேயே அதன்மேல் ஒன்றாவது வைத்தாக வேண்டும். ரன்னர் அதைப் பார்த்துப் பாய்ந்துவிடுவார். இப்போது ஆஃப்வேர்ல்ட் ஆஃபீஸைச் சும்மா கவிழ்த்துப் போட்டுவிட்டு, அடுத்த முறை லாஞ்ச், அப்புறம் இரண்டு தடவை அட்வான்ஸ் (தடவைக்கு ஒரு கிரெடிட், ஒரு கவுண்ட்டர்) என்று மூன்று கிரெடிட்டில் முடிக்கலாம். திரும்ப ஏழு கிரெடிட் வரும், இரண்டு புள்ளியும் சேரும். ஆக, கவுண்ட்டர் இல்லாமல் கிடக்கும் ஒரு கார்டு வருமானம் தரும் நீகோ கேம்பெய்னாக இருக்கலாம், அஜெண்டாவாக இருக்கலாம், என்னைக் கொன்ற அர்டிகாவாகவும் இருக்கலாம். இப்போது நான் ரன்னராக இருந்தால் முதலில் கார்ப்பின் காசை எண்ணுகிறேன். மூன்றுகூட இல்லையென்றால் அந்த வழி அடுத்த முறைக்கு இல்லை.

புது கார்டை முதலில் எதிராளி கையில் கொடுத்துவிடுங்கள் என்பேன். மேனகார்ம் ஸ்கங்க்வர்க்ஸ் என்ற காவல் கார்டை நான் கார்ப்பாக வைத்து ஆடியபோது புரியாதது, தம்பி வைத்து நான் ரன்னராக முட்டியபோது புரிந்தது. சர்வரை நெருங்கும்போது ஐந்து கிரெடிட் கட்ட வேண்டும், அல்லது இரண்டு கிளிக் தர வேண்டும், இல்லையேல் ரன் முடிந்தது. ரன் தொடங்கவே ஒரு கிளிக் போகும். மூன்றாவது கிளிக்கில் தொடங்கினால் கையில் ஒன்றுதான் மிஞ்சும். கிளிக்கால் தீர்க்க வேண்டுமென்றால் முதல் இரண்டு கிளிக்குக்குள் கிளம்பியாக வேண்டும். முன்னால் பிரான் நின்று, அதன் வரிகளையும் கிளிக் கொடுத்தே உடைக்கலாம் என்று நினைத்தால் நான்கு கிளிக் பற்றவே பற்றாது. அதன் பிறகுதான் ஓவர்க்ளாக் என்ற ரன்னர் கார்டின் அருமை தெரிந்தது. அது அந்த ஒரு ரன்னுக்குத் தரும் ஐந்து கிரெடிட், மேனகார்ம் கேட்கும் தொகைக்குச் சரியாக இருக்கிறது.

நான் வைத்திருக்கும் வழக்கம் எளிமையானது. ஒரு தொகுப்பு வந்தால் ஒரு டெக்கில் ஒரே ஒரு புது கார்டு, ஆனால் அனுமதித்த மூன்று பிரதியும். ஒற்றைப் பிரதி போட்டால் பாதி ஆட்டத்தில் கண்ணிலேயே படாது. எதைக் கழற்றினோம் என்பதும் மறந்துவிடும். கழற்றிய மூன்றையும் தனி உறையில் வைக்கிறேன். பத்து ஆட்டம் ஆடுவேன், அதில் ஐந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து. தம்பிக்கு நேரமில்லாதபோது ஜின்டெகி தளத்தில், இலவசம்தான், உலாவியிலேயே ஆடலாம். "கழற்றியது கையில் இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பேன்?" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு வரி எழுதிவைக்கிறேன். கிளீவர் அப்படித்தான் மூன்றாவது முயற்சியில் நிலைத்தது. சப்சிடி இரண்டு தடவை உள்ளே வந்து இரண்டு தடவையும் உறைக்குத் திரும்பியது. கருணாவும் அர்டிகாவும் இன்னும் தம்பியின் டெக்கில்தான் இருக்கின்றன. அவன் கருணாவைத் திருப்பினால் இப்போது முதல் இரண்டு டேமேஜோடு விலகிவிடுகிறேன்.