காடை வேட்டைக்குத் தெர்மல் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அடிபட்ட காடை உயரமான புல்லில் விழுந்துவிட்டால் நாயும் சில நேரம் தேடித் தோற்றுவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பாது. உடல் சூடு ஆறுவதற்குள் கண்டுபிடிக்கத்தான் தெர்மல் மோனோகுலர், அதாவது உடல் வெப்பத்தைப் படமாக்கிக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது தெர்மலே இல்லை.

அது வெறும் நைட் விஷன் கேமரா. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கை அடித்து, பட்டுத் திரும்பும் ஒளியைப் படமாக்குகிறது. அதன் மேல் சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் ஏற்றி வெப்பப் படம் போலக் காட்டுகிறது. காடையைத் தேடுபவருக்கு இது பெரிய மோசடி. காய்ந்த புல்லோடு ஒன்றிப்போகும் இறகு அந்த ஒளியிலும் புல்லோடு ஒன்றித்தான் கிடக்கும். போதாததற்கு, முன்னால் நிற்கும் புல்தாள்கள் பளீரென்று வெளுத்துப் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். உண்மையான தெர்மல், பறவையின் உடலிலிருந்தே வரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர்களைப் பார்க்கிறது. அதற்கு விளக்கே தேவையில்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “இதுவும் அகச்சிவப்புதானே சார்” என்றார் விற்றவர். அப்புறம் பதிலே இல்லை, பணமும் வரவில்லை.

நீங்கள் வாங்கினால் முதலில் ஒரு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தெர்மல் காணும் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அதனால்தான் அதன் லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரிந்தால் ஏமாந்துவிட்டீர்கள் என்று பொருள். என்னுடையதில் முகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அசல் தெர்மல் விற்பவர்கள் சொல்லும் தூரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். ‘1000 மீட்டர் வரை தெரியும்’ என்றால் பெரும்பாலும் நிற்கும் மனிதனையோ வாகனத்தையோ வைத்துச் சொன்ன கணக்கு. காடையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். 12 மைக்ரோமீட்டர் பிக்சலும் 25 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள கருவியில், 100 மீட்டரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 5 சென்டிமீட்டரை மூடும். ஆக, காடையின் முழு நீளத்துக்கும் நான்கு பிக்சல்தான். 300 மீட்டரில் ஒன்றரைகூடத் தேறாது. இறகு வேறு உடல் சூட்டை உள்ளேயே அடக்கி வைக்கும். அடர்ந்த புல்லை ஊடுருவிப் பார்க்க எந்தத் தெர்மலாலும் முடியாது. வெயில் ஏறிய பிறகு சூடான கற்களெல்லாம் பறவை போலவே தெரியும்.

இன்னொன்று, 1024×768 பிக்சல் என்று கொட்டை எழுத்தில் போடுவது பல நேரம் உள்ளிருக்கும் திரையின் அளவு. வெப்பக் கதிர்களை உணரும் சென்சார் 256×192 ஆக இருக்கலாம். சென்சார் அளவு, பிக்சல் அளவு, லென்ஸ் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். பல இடங்களில் வேட்டைக்கு இத்தகைய கருவிகளைத் தடை செய்திருக்கிறார்கள். விழுந்த பறவையைத் தேடுவதற்காவது அனுமதி உண்டா என்று உங்கள் பகுதி வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.