பச்சை விளக்கு எரிகிறது, நெட் மட்டும் இல்லை

இரண்டு வருடம் கழித்துக் குவைத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. பைபர் கேபிள் எங்கள் சந்துக்கு இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு இருப்பது சிம் போடுகிற ஒரு வைஃபை மோடம்தான். பேத்தியின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான், டாக்டரிடம் சர்க்கரை அளவைக் காட்டுவதும் அதில்தான்.

ஆறு மாதமாக அது சரியில்லை. "மக்களே, பச்சை லைட்டு கெடக்கு, படம் மட்டும் வரல்ல" என்பாள். டவர் சரியில்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். 198 என்ற புகார் எண்ணுக்கு இரண்டு முறை புகார் கொடுத்தோம். இரண்டு முறையும் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். யாரும் வந்து பார்க்காமலே 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. தனியாக இருக்கும் வயதான பெண்ணுக்கு இப்படிச் செய்வது பெரிய அநியாயம். இப்போதும் எனக்கு அதில் கோபம் உண்டு.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மோடம் டிவிக்குப் பின்னால் இருந்தது, அதன் வயர் டிவியின் யுஎஸ்பி துளையில். அதோடு வந்த அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியர். டிவியின் சாதாரண யுஎஸ்பி துளை தருவது அரை ஆம்பியர்தான். சிக்னல் குறைவான இடத்தில் மோடம் டவரை எட்டப் பலமாக அனுப்ப வேண்டியிருக்கும், கரண்டும் அதிகம் இழுக்கும். அரை ஆம்பியர் போதாமல் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. டிராயரில் கிடந்த பழைய அடாப்டரைத் தேடி எடுத்துச் சுவரில் மாட்டியதும் அந்தத் தொல்லை நின்றது.

ஆனாலும் வேகம் இல்லை. மோடத்தின் வைஃபையில் போனை இணைத்து, பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். (சில மோடங்களில் 192.168.8.1. பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும்.) அங்கே ஆர்எஸ்ஆர்பி என்று, டவர் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஒரு எண் டெசிபல் கணக்கில் வரும், மைனஸ் போட்டு. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 90-க்குள் என்றால் கவலையில்லை, மைனஸ் 110-ஐத் தாண்டினால் திணறும். டிவி அறையில் மைனஸ் 113. பழைய வெட்டுக்கல் சுவர், பக்கத்தில் ஸ்டீல் பீரோ வேறு. மோடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்த்தேன். மாடியில் மேற்கு ஜன்னலில் மைனஸ் 97. பதினாறு டெசிபல் கூடியது என்றால் வந்து சேரும் சக்தி கிட்டத்தட்ட 40 மடங்கு.

அங்கேயே வைத்தேன். சிக்னல் கோடு எல்லாம் நிறைந்து நின்றது, நெட் சுத்தமாக வரவில்லை. அவசரத்தில் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டேன். அதோடு ஏபிஎன் பெயரும் அழிந்தது. மோடம் கம்பெனியின் நெட்டுக்குள் நுழையப் பயன்படுத்தும் பெயர்தான் ஏபிஎன். அது சிம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு எழுத்து தவறினாலும் இணைப்பு கிடைக்காது. ரீசெட் செய்யும் முன் ஏபிஎன் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

மறுநாள் மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய மொபைல் கடைக்கு மோடத்தையே கொண்டுபோனேன். கடையில் இருந்த தம்பி ஏபிஎன்னைச் சரிசெய்துவிட்டு, "வீடு எங்கண்ணே?" என்றான். சொன்னேன். உடனே, "அங்க கேரளா டவர் பிடிக்கும். டேட்டா ரோமிங் ஆஃப்ல கெடக்கு, பாருங்க" என்று திரையைக் காட்டினான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. தமிழ்நாடும் கேரளாவும் மொபைல் கம்பெனிகளுக்கு வேறு வேறு சர்க்கிள், அதாவது தனித்தனி சேவைப் பகுதி. 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது வந்த எல்லை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மேற்கு ஜன்னல் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. அங்கே போனதும் மோடம் தன்னை வெளியூரில் இருப்பதாக எண்ணி டேட்டாவை நிறுத்திவிட்டது. ரோமிங்கை ஆன் செய்தான், தீர்ந்தது. எங்கள் பிளானில் அதற்குத் தனிக் காசு இல்லை. அந்தத் தம்பியும் காசு வாங்கவில்லை. வற்புறுத்தியும் கேட்காமல், கூட வந்த அம்மாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. அந்த மைனஸ் எண் மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால் அது டவரில் கூட்டம், மோடத்தில் செய்ய ஒன்றுமில்லை. டாக்டரைக் காலையில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும் முன் ஏபிஎன் பெயர், பாஸ்வேர்டு, 'ரோமிங் ஆன்', 'மேற்கு ஜன்னல்' என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி பீரோக் கதவில் ஒட்டினேன். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் பார்க்க அம்மாவுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். குவைத் வந்து சேர்ந்த அன்று அவளே கூப்பிட்டாள். "மக்களே, இப்ப மைனஸ் தொண்ணூத்தஞ்சு காட்டுது. நல்லதுதானே?"